பதிமூணு அறை ஃபைல்: இருநூத்தம்பது ரூபாய்க்குத் தகுமா?

அக்கார்டியன் மாதிரி விரியுற பிளாஸ்டிக் ஃபைல். தெருமுனை ஸ்டேஷனரி கடையில 250 ரூபாய். அதுவரைக்கும் எங்க வீட்டு ரசீதெல்லாம் ஃபிரிட்ஜ் மேலதான் குடியிருந்துச்சு.

பதிமூணு அறை தாராளம். இ.பி. கட்டணம் ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருதடவை, ஆளுக்கொரு அறை. அரையாண்டு தொடங்கின முதல் மாசத்துக்குள்ள சொத்து வரி கட்டினா 5% சலுகை உண்டு. அதனால ஏப்ரல், அக்டோபர்னு அந்த அறை மேலயே எழுதி ஒட்டிட்டேன். கேஸ் புக், ஆர்.சி. நகல், மிக்ஸி வாரண்டி கார்டு எல்லாம் சிக்குன்னு உட்காருது.

குறையும் இருக்கு. பாதி நிரம்பினதுமே எலாஸ்டிக் லூசாகி, பட்டன்ல நிக்க மாட்டேங்குது. பேரு எழுதுற அட்டைத் துண்டுகள் கவிழ்த்தா கொட்டிடும். செல்லோடேப் போட்டே ஆகணும். இன்னொண்ணு, கடையில மெஷின்ல அடிச்சுத் தர்ற வழவழ பில்லை இதுல அப்படியே வைக்காதீங்க. அது சூடுபட்டு எழுத்து வர்ற தாள். வெயில்லயும் மங்கும், சில பிளாஸ்டிக் பட்டாலும் மங்கும். வாரண்டிக்கு வேணும்னா ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதையும் சேர்த்து வைங்க.

பேப்பருக்குள்ள செருகி வர்ற பிளாட் விளம்பரம், நகைக்கடை நோட்டீஸ் எதுக்கும் இதுல இடம் கிடையாது. அதெல்லாம் நேரா பழைய பேப்பர் கட்டுக்கு.

அஞ்சுக்கு மூணரை. ஜிப் வச்ச மாடல் கிடைச்சா நூறு ரூபா கூடக் குடுத்தாவது அதையே வாங்குங்க.