நிக்கோட்டின் சூயிங்கமா, சோம்பும் ஏலக்காயுமா?

மெல்லும் புகையிலையை விட்ட முதல் சில நாள்களில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். பிறகு வாரக்கணக்கில் மெல்லத் தணியும். அந்த நாள்களைக் கடக்க எது கைகொடுக்கும்?

சோம்பும் ஏலக்காயும் மலிவு. வாய் தேடும் பழக்கத்துக்கு ஈடுகொடுக்கும். ஆனால் மூளை கேட்கும் நிக்கோட்டின் அவற்றில் இல்லை. பாக்கை மட்டும் மாற்றாக எடுக்கவே வேண்டாம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்.

சூயிங்கம் அந்த நிக்கோட்டினையே அளவாகத் தருகிறது. 2, 4 மில்லிகிராம் அளவுகளில் கிடைக்கும். பலர் இதை மிட்டாய்போல விடாமல் மென்று எச்சிலை விழுங்குகிறார்கள். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததும், ஒத்துக்கொள்ளவில்லை என்று தூக்கியெறிந்துவிடுகிறார்கள். எவ்வளவு வருத்தமான இழப்பு! மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி, அது அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படியே. அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது.

காலையில் எழுந்தவுடன் புகையிலை தேடுபவருக்குச் சூயிங்கம்தான் என் தேர்வு. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். எப்போதாவது போடுபவருக்குச் சோம்பு டப்பாவே போதும். ஆலோசனைக்கு, 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது.