கார் சாவிக்குப் பேட்டரி: சர்வீஸ் சென்டரா, வாட்ச் கடையா, வீட்டு மேசையா?

எங்கள் பலேனோவை 2018-இல் வாங்கினோம். அதன் ஸ்மார்ட் கீயில் இதுவரை நான்கு பேட்டரிகள் இருந்திருக்கின்றன. முதலாவது காருடன் வந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. இரண்டாவது சர்வீஸ் சென்டரில் போட்டது; ஏழு மாதம். மூன்றாவது எங்கள் தெருமுனை வாட்ச் கடையில் போட்டது, நான்கே மாதம். நான்காவதை 2023 ஜனவரியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே போட்டேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டிலேயே போடுவதுதான் என் கட்சி. அதற்குக் காரணம் காசு இல்லை. சர்வீஸ் சென்டரில் 280 ரூபாய், வாட்ச் கடையில் 60 ரூபாய், வீட்டில் போட்டபோது செல்லுக்கு மட்டும் 50 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சில வருஷத்துக்கு ஒரு முறை வரும் செலவுக்கு இந்த வித்தியாசத்தைப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. நேரமும் அப்படித்தான். மூன்று இடத்திலும் வேலை பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

பேட்டரி தீரப்போவது முன்கூட்டியே தெரியும். மாடியில் நின்று பட்டனை அமுக்கினால் கீழே நிற்கும் கார் கண் சிமிட்டும். பிறகு படி இறங்கி வந்து அமுக்க வேண்டியிருக்கும். அப்புறம் காரின் பக்கத்தில் நின்று இரண்டு, மூன்று முறை அமுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வருகிறது.

சர்வீஸ் சென்டரில், வண்டியை வழக்கமான சர்வீஸுக்கு விட்டபோதே சாவியையும் சொன்னேன். மரியாதையாகச் செய்துகொடுத்தார்கள். சாவி உள்ளே போனது, பேட்டரி மாறி வெளியே வந்தது, பில்லில் ஒரு வரி கூடியது. எந்த பேட்டரி போட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. வாட்ச் கடையில் எல்லாம் என் கண் முன்னே நடந்தது. கடைக்காரர் அண்ணனின் கை லாகவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மெல்லிய தகடு ஒன்றை இடுக்கில் விட்டு ஒரு திருப்பு திருப்பினார், ஒரு கீறல்கூட விழாமல் சாவி இரண்டாகப் பிரிந்தது. ஒரு சின்ன டப்பாவைத் திறந்து உள்ளே கிடந்த செல்களில் ஒன்றை எடுத்துப் போட்டார். வேலைத்திறனில் அவர் பக்கத்தில்கூட நான் வர முடியாது. ஆனால் விஷயம் அந்த டப்பாவில்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து, பொங்கலுக்கு முந்தைய வாரம், தி. நகரில் கடைகளை முடித்துக்கொண்டு வந்தால் கார் திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை மனைவிதான் நினைவுபடுத்தினாள். அதை உருவிக் கதவைத் திறந்தோம். பிறகு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிப் பிடித்து அமுக்கியதும் இன்ஜின் ஓடியது. இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கார் சாவியை அடையாளம் காணும் சிப்புக்கு பேட்டரியே தேவையில்லை. கார் அனுப்பும் காந்தப் புலத்திலிருந்தே அதற்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், அதனால்தான் அவ்வளவு பக்கத்தில் பிடிக்க வேண்டும். தூரத்திலிருந்து பூட்டவும் திறக்கவும் செய்யும் ரேடியோ பகுதிக்குத்தான் பேட்டரி.

"பேட்டரியைக் கழற்றினால் கோடிங் போய்விடும், அதனால் சர்வீஸ் சென்டர்தான் போக வேண்டும்" என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ரிமோட்டின் குறியீடு பதிந்திருக்கும் நினைவகம் மின்சாரம் இல்லாமலும் அழியாத வகை. பேட்டரி இல்லாமல் ஒரு வாரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. சில பழைய மாடல்களில் மட்டும் பேட்டரி மாற்றிய பிறகு ரிமோட்டையும் காரையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், அதற்கான வழி காருடன் வரும் கையேட்டிலேயே இருக்கும்.

அன்று இரவு கையேட்டைப் பார்த்துக்கொண்டு சாவியைத் திறந்தேன். முதலில் இரும்புச் சாவியை உருவ வேண்டும். அது இருந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். தட்டையான டெஸ்டர் முனையில் துணியைச் சுற்றி அந்தப் பள்ளத்தில் வைத்து மெதுவாகத் திருப்ப வேண்டும். பிரிந்ததும் உள்ளே இருந்த செல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் மேல் 2025 என்று பொறித்திருந்தது. கையேட்டில் போட்டிருந்ததோ 2032.

இந்த எண்களில் எல்லாமே இருக்கிறது. சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 அதே விட்டம், தடிமன் மட்டும் 2.5. இரண்டும் 3 வோல்ட். மெல்லியது தடித்ததன் இடத்தில் உட்காரும், வேலையும் செய்யும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 2032-இன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி என்றால் 2025-க்குச் சுமார் 160-தான். அதோடு 0.7 மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. செல்லை அழுத்திப் பிடிக்க வேண்டிய தகடு தொட்டும் தொடாமலும் நிற்கும். சாவி ஒரு முறை கீழே விழுந்தால் தொடர்பு விட்டுப்போகும்.

அளவு மட்டும்தான் பிரச்சினை என்றால், "அண்ணே, 2032-ஏ போடுங்க" என்று கேட்டு வாங்கிவிடலாம். அதைவிட முக்கியமானது அந்த டப்பா. லித்தியம் செல் தானாகத் தீர்வது மிகவும் மெதுவாகத்தான். சாதாரண வெப்பநிலையில் வருஷத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்கே இழக்கும், உறை பிரிக்காமல் வைத்தால் பல வருஷம் தாங்கும். ஆனால் அதே செல்களை உறையிலிருந்து எடுத்து ஒரு டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினால் கதை வேறு. இந்த செல்லின் மேல்முகமும் விளிம்பும் பிளஸ், அடிமுகம் மைனஸ். இரண்டு மூன்று செல்கள் உரசிக் கிடந்தால் எங்காவது மின்சுற்று பூர்த்தியாகிவிடும், செல் சும்மா கிடந்தே காலியாகும். அப்படிப் பாதி தீர்ந்த செல்லையும் புது செல்லையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்றால், அதுவும் முழு உண்மையைச் சொல்லாது. புது செல் 3.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். பாதி தீர்ந்ததும் 3 வோல்ட்டை ஒட்டியே காட்டும், ஏனென்றால் இந்த வகை செல்லின் வோல்டேஜ் கடைசிவரை பெரிதாக இறங்காது. உள்ளே மின்தடை கூடிக்கொண்டே போகும். பட்டனை அமுக்கும் அந்த நொடியில் ரிமோட் சற்று அதிகமான மின்னோட்டம் கேட்கும்போதுதான் வோல்டேஜ் படுத்துவிடும். மீட்டரில் நன்றாக இருந்த செல் சாவியில் வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

அதனால் எனக்கு முக்கியமாகப்படுவது, செல் யார் கையால் உறையிலிருந்து வெளியே வருகிறது என்பதே. வீட்டில் போடும்போது அது என் கை. சீல் பிரியாத அட்டை, அதன் மேல் எண், தேதி, தயாரிப்பாளர் பெயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பிரிக்கிறேன். மற்ற இரண்டு இடங்களில் இந்த ஒன்று என் கையில் இல்லை. வாட்ச் கடையில் "அட்டையோடு எடுங்க" என்று கேட்கலாம், பலர் சந்தோஷமாகவே எடுத்துக்கொடுப்பார்கள். அப்படிக் கேட்டு வாங்கினால் அந்த வழிக்கும் வீட்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாதி அட்டையை நறுக்கிக் கொடுத்தால் மட்டும் தேதி எந்தப் பாதியில் இருக்கிறது என்று பாருங்கள்.

நான் ரிச்சி தெருவில் ஐந்து செல் கொண்ட பேனசோனிக் அட்டை ஒன்றை வாங்கினேன். வாங்கும்போது பெயரைப் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சோனி தன் பேட்டரித் தொழிலை 2017-இல் முராட்டா நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆகவே இன்று 'புதுசு' என்று சோனி பெயரில் ஒரு செல்லை நீட்டினால் அது மிகப் பழையதாக இருக்க வேண்டும், அல்லது போலியாக இருக்க வேண்டும். எல்ஐஆர்2032 என்று ஒன்று விற்பதையும் தவறி வாங்கிவிடாதீர்கள். அது ரீசார்ஜ் வகை. முழு சார்ஜில் 4 வோல்ட்டைத் தாண்டும், ரிமோட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கசப்புப் பூச்சு பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைகள் விழுங்காமல் இருக்க, நாக்கில் பட்டதும் துப்பும்படி சில பிராண்டுகளில் கசப்பான பூச்சு பூசியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சு தொடர்புத் தகட்டைத் தடுத்துவிடும். பொருள்கள் தொலையாமல் இருக்க மாட்டிவைக்கும் தன் ஏர்டேகுக்கு ஆப்பிளே இதை எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறது. என் தங்கையின் சாவியில் அப்படி ஒரு செல் போட்டபோது பத்து அமுக்கில் நான்குக்குத்தான் வேலை செய்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. தங்கை வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் நான் யோசித்துத்தான் துடைத்தேன். செல் சாவிக்குள் மூடியபடி இருக்கும் என்பதால் செய்தேன். வெளியே வைக்கும் மிச்ச செல்களின் பூச்சைத் தொடவில்லை.

இந்த இடத்தில் வீட்டு வழிக்கு ஒரு பெரிய பொறுப்பு இருக்கிறது. 20 மில்லிமீட்டர் செல் சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கும் அளவு. சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். தீர்ந்த செல்லும் ஆபத்துதான். மேசையில் வேலை செய்யும்போது பழையது எங்கே, புதியது எங்கே என்று எண்ணிக்கொள்ளுங்கள். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குத்தான். கழற்றிய செல்லின் இரண்டு முகத்திலும் டேப் ஒட்டி உயரமான இடத்தில் வைத்து, பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுகிறேன்.

செய்முறையில் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். பழைய செல்லை எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள், பிளஸ் எந்தப் பக்கம் என்ற குழப்பம் வராது. புது செல்லை விளிம்பில் பிடியுங்கள், இரும்பு இடுக்கி வேண்டாம். தொடர்புத் தகட்டை நெம்பாதீர்கள், அது வளைந்தால் வேலை கடைக்குப் போய்விடும். சுற்றி ரப்பர் வளையம் இருந்தால் அது பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள், மழைத் தண்ணீரை நிறுத்துவது அதுதான்.

வீட்டு வழியை எல்லா சாவிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நான் என் கையால் திறந்தவை மூன்றே சாவிகள். எங்களுடையது, தங்கையுடையது, மச்சானின் மடக்குச் சாவி. மச்சானுடையதில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருந்தது, உள்ளே இருந்ததும் 2032 இல்லை, 1620. அதாவது 16 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன். ஆகவே திறந்து பார்க்காமல் அட்டை வாங்க வேண்டாம். செல்லை ஈயத்தால் உள்ளே பற்றவைத்திருந்தால் நான் தொடமாட்டேன். சாவி தண்ணீரில் விழுந்திருந்தால், மறுபடி புரோகிராம் செய்ய வேண்டியிருந்தால், சர்வீஸ் சென்டர்தான் சரியான இடம். பட்டன் ரப்பர் கிழிந்து கூடு உடைந்த சாவிக்கு, கூடு மாற்றித் தரும் சாவிக் கடைக்காரரை விடக் கைதேர்ந்தவர் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் போட்ட இரண்டு பேட்டரிகளும் சாவியில் இருந்த காலத்தில் எங்கள் சாவிக் கொக்கி டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. டிவி, கணினி, போன் சார்ஜர் போன்றவற்றின் அருகே ஸ்மார்ட் கீயை வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்று டொயோட்டாவின் கையேடுகளில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு கொக்கியை வாசல் பக்கம் மாற்றினேன், அதுவும் அதே 2023 ஜனவரியில்தான். ஆகவே நான்காவது பேட்டரி இத்தனை காலம் ஓடுவதில் ஒரு பங்கு கொக்கிக்கும் போகலாம். ஏழு மாதத்துக்கு முழுப் பழியையும் சர்வீஸ் சென்டரின் மேல் போட மாட்டேன். நான்கு மாதத்துக்கு மட்டும், டப்பாவில் கிடந்த அந்த 2025-க்குப் பெரிய பங்கு உண்டு என்று சொல்வேன்.

ஐந்து செல் அட்டையில் ஒன்று என் சாவியிலும், ஒன்று ஸ்பேர் சாவியிலும் இருக்கின்றன. மற்ற மூன்றும் உறை பிரியாமல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. சாவியின் உள்மூடியில் மார்க்கரால் 1/23 என்று எழுதியிருக்கிறேன். அடுத்த முறை திறக்கும்போது அதன் பக்கத்திலேயே இன்னொரு தேதி எழுதுவேன்.