வெனிஸில் மீன் ஆர்டர் பண்ணும் முன் தராசைக் கேளுங்கள்

வெனிஸ் போகத் திட்டம் போடுகிறவர்கள், குறிப்பாகத் தேனிலவு, கல்யாண நாள் என்று ஜோடியாகப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போய் இறங்கிய அன்றே எங்களிடம் நன்றாகக் கறந்துவிட்டார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. ஒரு கடையோடு முடிகிற விஷயமும் இல்லை இது. சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் ரியால்டோ பாலத்துக்கும் நடுவில் இருக்கும் சந்துகளில், வாசலில் ஆளை நிறுத்திக் கூப்பிடுகிற சாப்பாட்டுக் கடை எதுவானாலும் உஷாராக இருங்கள்.

காலையிலிருந்து நடந்து நடந்து நல்ல பசி. வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்ததும் "நமஸ்தே" என்று கும்பிட்டு உள்ளே உட்கார வைத்தார். மெனுவைப் பிரிப்பதற்குள் சர்வர் ஒருவர் தட்டில் ஐஸ் பரப்பி, அதன்மேல் ஒரு முழு பிரான்சினோ மீனோடு வந்து நின்றார். நம்ம ஊர் கொடுவாயின் சாடை. செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டி, காலையில் வந்தது, இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும் என்றார். விலை கேட்டேன். மெனுவில் ஒரு வரியை விரலால் தொட்டார்: 9 யூரோ. இந்த ஊரில் முழு மீன் 9 யூரோவா? எனக்கு இடித்தது. "எடை போட்டு மொத்தம் எவ்வளவுன்னு சொல்லச் சொல்லுங்க" என்றேன் என் கணவரிடம். இவர் வாயைத் திறப்பதற்குள் தட்டு சமையலறைக்குள் போய்விட்டது.

காத்திருந்த நேரத்தில் ஒரு சின்னத் தட்டில் இறால் வந்தது. நாங்கள் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் மீன் வந்தது. சர்வர் பக்கத்து மேஜையில் நின்றபடி இரண்டு கரண்டியாலேயே தோலை உரித்து, நடுமுள்ளை அப்படியே உருவி, சதையை மட்டும் எங்கள் தட்டுகளில் பிரித்து வைத்தார். கைவேலை என்றால் கைவேலை, நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தலை, வால், முள் எல்லாம் அந்தப் பெரிய தட்டோடு உள்ளே போய்விட்டது. அதாவது மீன் எவ்வளவு பெரியது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. ருசியில் குறை சொல்ல மாட்டேன்.

பில் ஒரு துண்டுத் தாளில் கையால் எழுதி வந்தது. மீன் 126, இறால் 18, தண்ணீர் 6, ஆளுக்கு 4 என்று மேஜைக் கட்டணம் 8, அதற்குமேல் 12 சதவீதம் சர்வீஸ். மொத்தம் 176 யூரோ 96 சென்ட். நம்ம பணத்தில் பதினாறாயிரத்தைத் தாண்டும். மெனுவைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அந்த 9 யூரோ 100 கிராமுக்கு. எறும்பு எழுத்தில் பக்கத்தில் 'எட்டோ' என்று போட்டிருக்கிறது. அங்கே 100 கிராமை அப்படித்தான் சொல்வார்களாம். மீன் 1 கிலோ 400 கிராம் இருந்ததாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

"விடு, முதல் நாளே சண்டை வேண்டாம்" என்றார் இவர். நான் விடவில்லை. இத்தாலியில் கடைக்காரர் மெஷினில் அடித்த ரசீது கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் 117-ஐ அழைத்து, நிதிக் காவல் படையான குவார்தியா தி ஃபினான்ஸாவிடம் புகார் சொல்லலாம். மேஜைக் கட்டணமோ சர்வீஸோ, மெனுவில் போடாமல் வாங்கவும் கூடாது. அந்த மெனுவில் மேஜைக் கட்டணம் இருந்தது, சர்வீஸ் இல்லை. போனை எடுத்து மேஜைமேல் வைத்து, "ரசீது, இல்லாவிட்டால் 117" என்று சொன்னேன். அதுவரை இங்கிலீஷ் புரியாமல் இருந்த முதலாளிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இறாலும் சர்வீஸும் காணாமல் போய், 140 யூரோவுக்கு அச்சடித்த ரசீது வந்தது. மீன் விலையில் மட்டும் ஒரு சென்ட் குறைக்கவில்லை.

மறுநாள் காலை ரியால்டோ மீன் சந்தைக்குப் போனோம். (ஞாயிறும் திங்களும் மீன் கடைகள் கிடையாது, பார்த்துப் போங்கள்.) தட்டில் காட்டிய அந்த மீனின் அளவுக்கு ஒன்றைத் தேடிப் பிடித்து எடை போடச் சொன்னேன். ஒரு கிலோகூடத் தேறவில்லை. இவர் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை.

எங்களுடையது சின்ன வெட்டுதான். 2018 ஜனவரியில் சான் மார்க்கோ பக்கம் ஒரு கடையில் நான்கு ஸ்டேக்குக்கும் ஒரு தட்டு வறுத்த மீனுக்கும் ஜப்பானிய மாணவர்கள் நால்வரிடம் 1,100 யூரோ வாங்கி, அது உலகச் செய்தி ஆனது. அவர்கள் புகார் கொடுத்ததால்தான் கடைமேல் நடவடிக்கை வந்தது.

அதனால் மீனை எடுத்து வந்து காட்டினால், அதே இடத்தில் எடையையும் மொத்த விலையையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கேட்காத தட்டு வந்தால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள்.

ரயில் நிலையத்திலும் ஒரு கூத்து. சாந்தா லூசியா நிலையத்தின் வாசலை விட்டு இறங்கினாலே பெரிய கால்வாய், இடது பக்கம் ஸ்கால்ஸி பாலம். படியேறும்போது ஒருவர் உதவுகிற மாதிரி ட்ராலியைப் பிடுங்கிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் போனதும் 20 யூரோ கேட்டார். பெட்டியின் கைப்பிடியை விடாதீர்கள், அவ்வளவுதான். படகு பஸ்ஸான வபொரெட்டோவில் 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 24 மணி நேர பாஸ் 25. ஏறும் முன் ஒவ்வொரு முறையும் மெஷினில் தொட வேண்டும்.

கோண்டோலாவுக்கு நகராட்சி வைத்த கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவில் 35 நிமிடத்துக்கு 110. அது படகுக்கு, தலைக்கு அல்ல. எங்களிடம் ஒருவர் தலைக்கு 90 என்றார். நாங்கள் 'த்ராகெட்டோ' என்கிற அக்கரைப் படகில் ஆளுக்கு 2 யூரோ கொடுத்துப் பெரிய கால்வாயைக் கடந்தோம். அதுவும் கோண்டோலா வகைப் படகுதான், ஆனால் பயணம் இரண்டு நிமிடம்கூட இல்லை.