சமபகுதியம் கற்பிக்க ஒரு மாதிரியுருப் பெட்டி

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். கொழும்பிலிருந்து வருவித்த பந்து-கோல் மாதிரியுருப் பெட்டி ஒன்று பல ஆண்டுகளாக என் வகுப்பில் இருக்கிறது. காபனுக்குக் கறுப்புப் பந்து, ஐதரசனுக்கு வெள்ளை, ஒட்சிசனுக்குச் சிவப்பு, குளோரீனுக்குப் பச்சை. சமபகுதியம், அதாவது ஒரே அணுக்கள் வெவ்வேறு விதமாக அமைந்து வெவ்வேறு சேர்வைகளாவது, கற்பிக்கிறவர்கள் அவசியம் வாங்க வேண்டிய பொருள் இது. ஆனால் பாடத்தின் எல்லாப் பகுதிக்கும் ஒரே அளவில் உதவாது.

அணுக்கள் பிணைந்திருக்கும் ஒழுங்கே மாறுபடும் கட்டமைப்புச் சமபகுதியத்துக்குக் கொப்பியும் பென்சிலுமே பெரும்பாலும் போதும். ஐந்து காபன் கொண்ட பென்ரேனுக்குச் சமபகுதியங்கள் மூன்றுதான். மாணவர்களோ சங்கிலியை வளைத்து வளைத்து வரைந்து ஐந்து, ஆறு என்பார்கள். அந்த இடத்தில் பெட்டியைத் திறக்கலாம்: ஒற்றைப் பிணைப்பைத் திருப்பினால் வளைந்த சங்கிலி நேராகிவிடும். இயல்புகள் ஏன் மாறுகின்றன என்பதை மட்டும் ஆசிரியரே சொல்ல வேண்டும். எதனோல் 78 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அதே அணுக்களைக் கொண்ட இருமெதைல் ஈதர் மறை 24 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எதனோல் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் ஐதரசன் பிணைப்பைக் காட்டப் பெட்டியில் எந்தத் துண்டும் இல்லை.

இரட்டைப் பிணைப்பின் எந்தப் பக்கத்தில் கூட்டங்கள் நிற்கின்றன என்பதில் மட்டும் வேறுபடும் கேத்திரகணிதச் சமபகுதியத்தில் பெட்டி பேசத் தொடங்கும். நடுவில் இரட்டைப் பிணைப்புள்ள பியூற்-2-ஈனை முதலில் வேண்டுமென்றே ஒற்றைக் கோலால் கட்டச் சொல்வேன். நடுப்பிணைப்புச் சுழலும், சிஸ் (ஒரே பக்கம்) திரான்ஸ் (எதிர்ப் பக்கம்) ஆகும். பிறகு வளையும் கோல்கள் இரண்டைப் பொருத்தினால் எவ்வளவு முறுக்கினாலும் சுழலாது. மலேயிக் அமிலத்தையும் பியூமாரிக் அமிலத்தையும் அருகருகே கட்டிப் பாருங்கள். முன்னதில் இரு காபொட்சிலிக் (COOH) கூட்டங்களும் ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்கும். சூடாக்கும்போது அது எளிதில் நீரை இழந்து நீரிலியாவதும், மற்றது அப்படி ஆகாததும் கண்ணாலேயே விளங்கும்.

ஆடி விம்பங்களாக மட்டும் வேறுபடும் ஒளியியற் சமபகுதியத்தைக் காட்ட இந்தப் பெட்டிக்கு ஈடாக வேறெதுவும் என்னிடம் இல்லை. காபனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்கியவை என்று இரசாயனவியலாளர்களான வான்ற் ஹொவ்வும் லு பெல்லும் 1874இல் தனித்தனியே முன்வைத்தார்கள். கரும்பலகையில் அந்தக் காபன் தட்டையான சிலுவையாகத்தான் விழுகிறது. எருமைத் தயிரிலும் உள்ள இலற்றிக் அமிலத்தின் இரு எதிருருக்களையும் கட்டி மாணவர் கையில் கொடுப்பேன். ஒன்று மற்றதன் ஆடி விம்பம். எப்படித் திருப்பினாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. ஒன்றில் ஏதாவது இரு கூட்டங்களை இடம் மாற்றினால் உடனே பொருந்திவிடும். இதைத் தானே செய்து பார்த்த பிள்ளைக்குக் நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இணைந்த கைரல் காபனை மறுபடி விளக்க வேண்டியதில்லை. பின்வாங்கில் பேசாமல் இருக்கும் பிள்ளைகள் எழுந்து முன்னால் வருவதும் இந்தப் பாடத்தில்தான். அதற்காகவே இந்தப் பெட்டியை எனக்குப் பிடிக்கும்.

பெட்டி எவ்வளவு காலம் உழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தகரக் கூரையின் வெக்கையிலும் செம்மண் புழுதியிலும் வெள்ளைப் பந்துகள் மஞ்சளாகிவிட்டன. துளைகள் தளர்ந்து ஐதரசன்கள் கழன்று விழுகின்றன. முதலில் முறிந்தவை இரட்டைப் பிணைப்புக் கோல்கள். அவற்றுக்குப் பதிலாகச் சைக்கிள் வால்வு ரியூப்பை வெட்டிப் போட்டிருக்கிறேன், பிடிப்பாக இருக்கிறது. களிமண் உருண்டையும் தென்னை ஈர்க்குக் குச்சியும் சங்கிலிகளுக்குப் போதும். நான்முகிக் கோணத்தை அவை தாங்குவதில்லை.

பெரிய வகுப்புக்கு ஒரு பெட்டி காணாது. வாங்குமுன் திறந்து பாருங்கள்: நான்கு துளையுள்ள கறுப்புப் பந்துகள் போதியளவு இருக்க வேண்டும், அவற்றைச் சுற்றிப் பொருத்த நான்கு வெவ்வேறு நிறங்களிலாவது தலா இரண்டு பந்துகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் ஆடி விம்பச் சோடியைக் கட்ட முடியாது.