‘அர்ஜ்’ என்பதற்கு இத்தாலிய மொழியில் எது: இம்புல்சோவா, வோல்யாவா?

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வரும் இத்தாலியர்களோடு பேசப் பழகுகிற நம் பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தின் ‘அர்ஜ்’ (urge, உள்ளிருந்து எழும் உந்துதல்) என்ற சொல்லை எப்படிச் சொல்வது என்பது ஒரு சிக்கல்.

அகராதி முதலில் காட்டுவது ‘இம்புல்சோ’. திடீரென எழுந்து உடனே செயலில் தள்ளுகிற வேகம் அது. கோணேசர் கோயிலடியில், சுவாமி மலை விளிம்பில் நின்று கடலைப் பார்த்ததும் சத்தமாகக் கத்தத் தோன்றுமே, அதற்கு இது சரி.

ஆனால் அன்றாடப் பேச்சுக்கு நான் சொல்வது ‘வோல்யா’தான். சாப்பிட, நீந்த, தூங்க, அழ என்று உடம்போ மனமோ கேட்பது எதுவானாலும் ‘ஓ வோல்யா தி’ என்று தொடங்கி வினையைச் சேர்த்தால் போதும். பிள்ளைத்தாச்சியின் மாங்காய் ஆசையும் வோல்யாதான். பிறவி மச்சத்துக்கும் அங்கே அதே பெயர்; தாயின் நிறைவேறாத ஆசை குழந்தையின் தோலில் பதியும் என்பது பழைய நம்பிக்கை. எவ்வளவு அழகான சொல்! ஆசை அடங்கவே இல்லையென்றால் ‘வோல்யா மாத்தா’, அதாவது பைத்தியக்கார ஆசை.

ஐஸ்கிரீம் ஆசைக்குப் போய் இம்புல்சோ என்றால் விறைப்பாகக் கேட்கும். போதைப்பழக்கத்தின் வேட்கைக்கு இத்தாலிய மருத்துவர்கள் ஆங்கிலத்தின் ‘கிரேவிங்’கையே எடுத்துக்கொண்டார்கள். அப்புறம், சிறுநீர் முட்டும் உணர்வுக்கு இரண்டுமே வேண்டாம். அதற்கு ‘ஸ்தீமொலோ’ இருக்கிறது.