விமானப்படையில் விமானியாகும் ஃப்ளையிங் பிராஞ்ச் ஆசை இருந்தால் இந்த எஸ்எஸ்பி கோச்சிங் போதாது

என் தம்பியைக் கோவையில் ஒரு எஸ்எஸ்பி (முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் நேர்முகத் தேர்வு) கோச்சிங்கில் சேர்த்தோம், அங்கேயே தங்கிப் படிக்கிற வகுப்பு. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஜிடிஓ (குழுப் பணிகளை வைத்து மதிப்பிடும் அதிகாரி) தேர்வுக்கான மைதானம் அருமை. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரே கூட நின்று, பலகையும் கயிறும் கொடுத்துக் குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்லி, யார் சும்மா கத்துகிறான், யார் அடுத்தவன் யோசனையைக் காதில் வாங்குகிறான் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். மாதிரி நேர்காணலும் நன்றாக இருந்தது.

உளவியல் வகுப்புதான் மோசம். டிஏடி என்கிற படம் பார்த்துக் கதை எழுதும் தேர்வில் ஒரு படத்தை 30 விநாடி பார்த்துவிட்டு 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும், ஒரு சொல்லைப் பார்த்ததும் மனதில் தோன்றுவதை எழுதும் வேர்ட் அசோசியேஷனில் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. யோசித்து நடிக்க நேரம் கிடைக்காமல், மனதில் உள்ளது அப்படியே வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேகமே. இங்கே என்னடா என்றால் ரெடிமேட் கதைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்! உளவியலாளர், நேர்காணல் அதிகாரி, ஜிடிஓ மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாள் கான்ஃபரன்ஸில்தான் ஒன்றாக உட்காருவார்கள். கதையில் எல்லாரையும் காப்பாற்றிவிட்டு மைதானத்தில் ஓரமாக நிற்பவன் அங்கே மாட்டிக்கொள்வான்.

அப்புறம், எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் கணினித் தேர்வான சிபிஎஸ்எஸ் விஷயத்தில். விமானியாக வேண்டுமென்றால் எஸ்எஸ்பி மட்டும் போதாது, கருவிகளின் முள்ளைப் பார்த்து விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதும், கண், கை, கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதும் தனித் திறமை, அதைச் சோதிப்பதுதான் சிபிஎஸ்எஸ். எஸ்எஸ்பிக்கு வயது வரம்புக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் போகலாம், இதற்கு வாழ்நாளில் ஒரே வாய்ப்பு. தோற்றால் தரைப்பணிப் பிரிவுகளுக்கு முயலலாம், விமானி ஆசை அதோடு சரி. இவ்வளவு பெரிய விஷயத்தை வகுப்பில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, தம்பி தானாகத் தேடித் தெரிந்துகொண்டான். விமானிக்குக் கால் நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், ஒரு டேப் வைத்து அளந்து பார்க்கக்கூட ஆள் இல்லை. தரைப்படைக்குப் போகிறவனுக்கும் விமானப்படைக்குப் போகிறவனுக்கும் ஒரே பாடம், ஒரே கட்டணம்.

ஐந்துக்கு மூன்று தருவேன், அதுவும் மைதானத்துக்காக. சிடிஎஸ் (பட்டதாரிகளுக்கான படை அதிகாரி எழுத்துத் தேர்வு) எழுதித் தரைப்படைக்குப் போகிறவர்கள் தாராளமாகச் சேரலாம், கதைத் தாள்களை மட்டும் வாங்காதீர்கள். விமானப்படை என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே சிபிஎஸ்எஸ்ஸுக்கு ஜாய்ஸ்டிக், பெடல் வைத்துப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.