2.4 மில்லிமீட்டர் வளைந்த பிளாக் சப்பாத்

தட்டு வளைந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் உறையின் அழகை நான்கு பத்திக்குப் புகழ்ந்துவிட்டு, இந்த மாதிரிச் சங்கதியைக் கடைசி வரியில் ஒளித்துவைக்கிறார்கள்.

இணையத்தில் இசைத்தட்டு விற்கும் ஒரு கடையில், பிளாக் சப்பாத் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் முதல் தொகுப்பை 180 கிராம் கனத்தட்டாக 2,900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் டர்ன்டேபிளில், அதாவது தட்டைச் சுழற்றும் கருவியில், வைத்துச் சுழலவிட்டதும் ஊசியைத் தாங்கும் கை, அலையில் தோணி போல ஏறி இறங்கியது. நான் டூல்ரூமில், அதாவது தொழிற்சாலைக்கு வேண்டிய அச்சுகளையும் கருவிகளையும் செய்யும் பிரிவில், வேலை பார்ப்பவன். கண் சொல்வதை மட்டும் நம்பிப் பழக்கமில்லை. மறுநாள் தட்டைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளையில் கிரானைட் மேடைமேல் வைத்து, மேடுபள்ளத்தை அளக்கும் டயல் கேஜைப் பிடித்து மெல்லச் சுற்றினேன். விளிம்பில் 2.4 மில்லிமீட்டர் ஏற்றம். 0.02 தவறினாலே பாகத்தைத் திருப்பியனுப்பும் இடம் எங்களுடையது. சுற்றி நின்ற பையன்கள், "இது எந்த வண்டிக்கு சார்?" என்று கேட்டார்கள்.

கடைக்குப் புகைப்படத்தோடு எழுதினேன். சிறு வளைவு இயல்புதான், ஓடுகிறதல்லவா என்று பதில் வந்தது. ஓடியது உண்மை. அதற்குமேல் மல்லுக்கட்ட எனக்குப் பொறுமையில்லை. கடைக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம். மிச்சமெல்லாம் தட்டில் இருப்பதைப் பற்றி.

1969 அக்டோபர் 16 அன்று லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் நான்கு பேர் நுழைந்தார்கள். நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதிப் பிள்ளைகள். இருபது, இருபத்தொரு வயது. கிட்டார் டோனி அயோமி, பேஸ் கிட்டார் கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்டு, பாட்டு ஓஸி ஆஸ்போர்ன். தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். மேடையில் வாசிப்பதைப் போலவே கூட்டாக நின்று வாசித்து, ஒரே நாளில் பதிவை முடித்துவிட்டார்கள். தொகுப்பு 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம் வரை போனது. ஒரு ஷிஃப்டில் முடிந்த வேலை என்று நான் இதைச் சொல்வதுண்டு. அந்த அவசரம் காதில் விழுகிறது, நல்ல விதமாக.

முதல் பாட்டுக்கும் குழுவின் பெயர்தான், தொகுப்புக்கும் அதே பெயர்தான். ஊசி இறங்கியதும் மழை. தொலைவில் ஒரு கோயில் மணி. தேவாலய மணி என்று சொல்ல வேண்டும், ஆனால் எனக்கு அது எங்கள் ஊர் அர்த்தசாம மணியாகத்தான் கேட்கிறது. இரண்டும் பிறகு சேர்க்கப்பட்ட ஒலிகள். மழை பெய்துகொண்டே இருக்கும்போது சட்டென்று மூன்று ஸ்வரம் விழுகிறது. கீழே ஒன்று, அதன் மேல் ஸ்தாயியில் ஒன்று, பிறகு இரண்டுக்கும் நட்டநடுவே ஒன்று. அந்த மூன்றாவது நடுங்கிக்கொண்டே நிற்கிறது.

என் மகள் எட்டு ஆண்டுகளாகப் பாட்டு கற்றுக்கொள்கிறாள். அறைக்குள் எட்டிப் பார்த்து, "அப்பா, இது ச, மேல் ச, பிரதி மத்யமம். அவ்வளவுதான்" என்றாள். கல்யாணியில் இனிக்கிற அதே ம. அதைக் காந்தாரம், பஞ்சமம் என்று துணை எதுவும் இல்லாமல் தனியே நிறுத்திவிட்டால் இப்படி முதுகுத்தண்டில் ஊருமா என்று அவளே கொஞ்ச நேரம் வாசலில் நின்று கேட்டாள். பிறகு தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டாள்.

இந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேய், பிசாசு, கறுப்பு உடை என்று போய்விடுகிறார்கள். குழு அதற்கு இடம் கொடுத்ததும் உண்மை. பெயரே 1963ஆம் ஆண்டின் ஒரு திகில் படத்தின் ஆங்கிலத் தலைப்புதான். அதற்கு முன் எர்த் என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பயப்படுவதற்கென்று மக்கள் காசு கொடுத்துப் படம் பார்க்கிறார்களே, பயமுறுத்தும் இசையை ஏன் வாசிக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்களாம். நல்ல வியாபாரக் கேள்வி. உறையில் மேப்பிள்டர்ஹாம் என்ற ஊரின் பழைய நீராலை, அதன் முன்னே கறுப்பு அங்கியில் வெளிறிய முகத்தோடு ஒரு பெண். என் மாமியார் வந்திருந்தபோது அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கச் சொன்னார். விரித்தால் உள்ளே தலைகீழ்ச் சிலுவை இருப்பதை நான் அவருக்குக் காட்டவில்லை. அது குழுவைக் கேட்காமலே போடப்பட்டது, அவர்களுக்கும் பிடிக்கவில்லை.

எனக்குப் பேய் பயம் இல்லை. எனக்கு இந்தப் பாட்டில் கேட்பது பிரஸ் ஷாப், தகடு வெட்டும் இயந்திரங்களின் கூடம்.

1995இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் 40 டன் பவர் பிரஸ் ஓட்டினேன். மிதியை மிதித்தால் ராம் என்ற கனத்த இரும்புப் பாகம் இறங்கும், அதில் பூட்டிய பஞ்ச் தகட்டை வெட்டும், ராம் மேலே போகும். மேலே போனது ஒரு கணம் நிற்கும். இயந்திரமே மூச்சைப் பிடித்துக்கொள்வது மாதிரி ஒரு நிறுத்தம். அந்தக் கணத்தில்தான் கையை உள்ளே விட்டு வெட்டிய பாகத்தை எடுக்க வேண்டும், அடுத்த தகட்டை நகர்த்த வேண்டும். அடி, நிறுத்தம், அடி. ஒரு நாளைக்கு மூவாயிரம் தடவை. அறையில் என்னோடு தங்கியிருந்த டிப்ளமோ பயிற்சிப் பையன் பர்மா பஜாரிலிருந்து ஒரு கேசட் வாங்கி வந்தான். உறை கிடையாது. பால்பாயின்ட் பேனாவால் 'பி.எஸ்.' என்று மட்டும் எழுதியிருந்தது; ஏதோ பட்டப்படிப்புப் பாடம் என்று நினைத்தேன். அவன் போட்டான். மூன்று ஸ்வரம், நிறுத்தம். மூன்று ஸ்வரம், நிறுத்தம். எனக்குத் தெரிந்த நிறுத்தம் அது. அந்த இடைவெளியில் என் கை தானாக முன்னே போய்த் திரும்பியது. அவன் பார்த்துச் சிரித்தான்.

அதே வருடக் கடைசியில், எண்ணிக்கை கூட வேண்டுமென்று பாதுகாப்புத் தடுப்பைக் கம்பியால் தூக்கிக் கட்டியிருந்த இயந்திரத்தில், இடக்கை மோதிர விரலின் முதல் கணுவை விட்டேன். தடுப்பை யார் கட்டச் சொன்னது என்று விசாரித்தார்கள். முடிவு என்னவென்று இன்றுவரை எனக்குச் சொல்லப்படவில்லை. கம்பெனியும் இப்போது இல்லை. சூப்பர்வைசர் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். "வலது கை தப்பித்ததே, அதைச் சொல்லு" என்றார். அறையில் கட்டோடு கிடந்த ஐந்து வாரமும் அந்தக் கேசட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டேன். நாடா தேய்ந்து மழைச் சத்தம் இரட்டிப்பானது.

டோனி அயோமியின் கையைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். பதினேழு வயதில் அவர் பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போவதென்று முடிவாகி, வேலையை விடுகிற கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனி எதற்குப் போக வேண்டும் என்றிருக்கிறார். அம்மா, வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். பிரஸ் ஓட்டும் ஆள் அன்று வரவில்லை, இவரை நிறுத்தினார்கள். நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடக்கைப் பழக்கக்காரர். ஆகவே வலக்கைதான் தந்தியை அழுத்தும் கை. அடிபட்டதும் அதுதான்.

படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவருடைய தொழிற்சாலை மேலாளர் ஆர்லிக்ஸ் கொண்டுவரவில்லை. ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் கிட்டாரில் கொடிகட்டிப் பறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. அதற்குப் பிறகு அயோமி செய்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் அது முழுக்க டூல்ரூம் வேலை. பாத்திரம் கழுவும் திரவத்தின் காலி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டினார். விரல் நுழையத் துளையிட்டார். தேய்த்துத் தேய்த்து விரலளவுக்குக் கொண்டுவந்தார். தந்தியில் வழுக்கியது; பழைய ஜாக்கெட்டிலிருந்து தோலை வெட்டி மேலே ஒட்டினார். கனத்த தந்தி வலித்தது. மெல்லிய கிட்டார் தந்தி அப்போது கடையில் கிடைக்காததால் பாஞ்சோ என்ற வேறொரு தந்தி வாத்தியத்தின் தந்தியை எடுத்து மாட்டினார். 1971இல் மூன்றாவது தொகுப்புக்கு வரும்போது தந்தியின் இறுக்கத்தையே தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். விரலுக்கு இதம் தேடிச் செய்தது, உலகத்தின் கனமான ஓசையாகிவிட்டது. இன்றைக்கு ஹெவி மெட்டல் என்ற அந்தக் கனத்த ராக் இசையை வாசிக்கிற பிள்ளைகள் பத்து விரலும் நலமாக இருக்கும்போதே சுருதியை இறக்குகிறார்கள்.

அயோமியை மட்டும் சொன்னால் மற்ற மூவருக்கும் அநியாயம். பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்த டிரம்ஸ்காரர். அவர் அடிப்பது அணிவகுப்பு அடி அல்ல, ஊஞ்சலாடும் அடி. முதல் பக்கத்தின் மூன்றாம் பாட்டில் அதைக் கேளுங்கள்; கனமான கிட்டாருக்கு அடியில் ஆள் ஆடிக்கொண்டிருக்கிறார். நான்காம் பாட்டு 'என்.ஐ.பி.'. தலைப்புக்கு ஆளுக்கொரு பயங்கர விளக்கம் சொல்வார்கள். உண்மையில் பில் வார்டின் தாடி பேனா நிப் மாதிரி இருந்ததால் வந்த கேலிப்பெயர். அதன் தொடக்கத்தில் கீசர் பட்லர் பேஸைத் தனியாக வாசிக்கிறார். கணக்கர் வேலை பழகிக்கொண்டிருந்தவர்; குழுவின் பெரும்பாலான பாடல் வரிகளையும் பின்னாளில் அவரே எழுதினார். ஓஸி கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர், கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்த்தவர், திருட்டு வழக்கில் சில வாரம் சிறையில் இருந்தவர். அவருடைய குரல் பயிற்சி பெற்ற குரல் அல்ல. கூப்பிடுகிற குரல். ஷிஃப்ட் முடிந்து, கேட்டுக்கு வெளியே நின்று, இன்னும் வராத நண்பனை ஒருவன் கூப்பிட்டால் எப்படியிருக்கும், அப்படி.

இரண்டாம் பக்கம்? குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் பாட்டு இன்னொரு குழுவின் பாட்டைத் திரும்பப் பாடியது. வானொலிக்கு ஏதாவது வேண்டுமே என்று சேர்த்தது போலிருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. அமெரிக்கப் பதிப்பில் அதற்குப் பதிலாக வேறு பாட்டைப் போட்டார்கள், அது மேல். கடைசிப் பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. அதுவும் இன்னொருவர் பாட்டுதான். நடுவில் அயோமி தனியாக வாசித்துக்கொண்டே போகிறார், போகிறார், எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி. அந்த நேரத்தில் நான் டீ போடப் போய்விடுவேன். குழுவிடம் புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்கள் அதே 1970இல் வந்த இரண்டாவது தொகுப்பை முதலில் வாங்குங்கள். அதில் வீண் என்று எதுவுமில்லை, பிரிட்டனில் முதலிடமும் பிடித்தது. முதல் தொகுப்பு, கைவேலை தெரிகிற பொருள்மேல் ஆசை உள்ளவர்களுக்கு.

ஒலி எப்படி? கேசட்டில் முப்பது வருடம் கேட்டவன் சொல்வதைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். பேஸ் கிட்டாரும் கிட்டாரும் ஒரே வரியை வாசிக்கும் இடங்களில் இரண்டையும் பிரித்துக் கேட்க முடிகிறது. கேசட்டில் அது ஒரே புகை. டிரம்ஸில் சிம்பல் மட்டும் கொஞ்சம் மங்கல். தட்டின் மேற்பரப்பில் இரைச்சல் குறைவு.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் அந்த நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஓஸி வளர்ந்த தெரு அதற்குப் பக்கம்தான். நோயால் நிற்க முடியாமல் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். நான்கு பாட்டு. பதினேழாம் நாள் இறந்துவிட்டார். ஒளிப்பதிவில் நான் அயோமியின் வலக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரலிலும் உறை. எழுபத்தேழு வயது. தட்டை வாங்க வேண்டும் என்று தோன்றியது அன்றுதான். பணம் ஒதுக்கத்தான் மாதங்கள் ஆயின.

சரி, வளைவு என்னவாயிற்று? இரண்டு கண்ணாடிப் பலகைகளை வெட்டிவந்து, தூசியில்லாமல் துடைத்து, நடுவில் தட்டை வைத்தேன். மேலே நான்கு கிலோ இரும்புக்கட்டி. மே மாதம், மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சாமான் அறை. நேர் வெயிலில் வைக்காதீர்கள், ஊசி ஓடும் வரிப்பள்ளம் உருகிவிடும். அந்த அறையின் புழுக்கமே போதும். பகல் முழுவதும் உள்ளே, இரவில் கட்டியை எடுக்காமல் அப்படியே ஆறவிட்டேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் மறுபடி வேட்டியில் சுற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். டயல் கேஜ் 0.7 காட்டியது. பையன்களில் ஒருவன், "பாஸா சார்?" என்றான்.

விளிம்புப் பக்கம் மட்டும் இன்னும் ஒரு மெல்லிய "ஸ்ஸ்... ஸ்ஸ்" சுற்றுக்கு ஒருமுறை வருகிறது. முதல் பக்கத்தின் விளிம்பில் இருப்பது மழை. எது எதுவென்று தெரியவில்லை.